மெதுவாகப் போனால் கொதிக்கும் வண்டி

கோலா சிலாங்கூர் வட்டாரத்துப் பட்டறைகளில் எஞ்சின் கொதிப்பைப் பற்றிய புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். “ஹைவேயில நல்லாத்தான் வந்துச்சு அண்ணே, தோட்டத்துக்குள்ள நுழைஞ்சதும் டெம்பு ஏறிருச்சு.” இதைக் கேட்டதும் ஒரு போமன் (பழுதுபார்ப்பவர்) தெர்மோஸ்டாட்டைக் கழற்ற ஸ்பேனர் எடுப்பார். இன்னொருவர் வாட்டர் பம்ப் போய்விட்டது என்பார். மூன்றாமவர் புது ரேடியேட்டருக்கு விலை சொல்வார். வண்டிக்காரர் விடையைச் சொல்லியே விட்டார் என்பது மூவர் காதிலும் விழுந்திருக்காது.

வேகமாக ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் ரேடியேட்டருக்குப் பின்னால் காற்றாடி சுற்றுவதும் சுற்றாமல் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். செம்மண் கொட்டிய தோட்டச் சாலையில் கதை வேறு. முதல் கியரும் இரண்டாம் கியருமாக மணிக்கு 20-இல் ஊரும்போது எஞ்சின் உழைப்பு குறைவதில்லை. எதிர்க்காற்று மட்டும் இல்லாமல் போகிறது. காற்றாடி வேலை செய்தால் வண்டி பிழைக்கும், இல்லையென்றால் கொதிக்கும். நெடுஞ்சாலையில் சரி, மெதுவாகப் போனால் கொதிப்பு என்றால் முதல் சந்தேகம் காற்றாடி மேல். நெடுஞ்சாலையிலேயே கொதிப்பு என்றால் சந்தேகம் தண்ணீரோட்டத்தின் மேல். பழுதுபார்ப்பு நூல்கள் பலவும் இதைச் சொல்கின்றன. வட சிலாங்கூரின் தனித்தன்மை, இந்த இரண்டு நிலையும் ஒரே பயணத்தில் வந்துவிடுவது. டெம்ப்ளர் பார்க் பக்கத்திலிருந்து ஈஜோக் வரை வரும் லாத்தார் விரைவுச்சாலை 2011-இல் திறக்கப்பட்ட பிறகு, முழு வேகத்தில் வந்த வண்டி சில நிமிடங்களில் செம்பனை மரங்களுக்கு நடுவே முதல் கியரில் நிற்கிறது. வேறு ஊர்களில் போமன் காசு வாங்கிக்கொண்டு செய்யும் சோதனை இங்கே அன்றாடம் இலவசமாக நடக்கிறது. அதன் முடிவைக் கேட்காமல் சாமான் மாற்றுவதுதான் நம் பட்டறைகளின் பெரிய குறை என்பது என் எண்ணம்.

இந்த வட்டாரத்துக்கும் செம்பனைக்கும் உள்ள தொடர்பு பழையது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் தோட்டம், பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியேவின் முயற்சியில் 1917-இல் உருவானது, இன்று பெஸ்தாரி ஜெயா என்றழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில்தான். செம்பனைக்கு ஓர் அவசரம் உண்டு. வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேரவேண்டும். தாமதமானால் எண்ணெயில் புளிப்பு ஏறித் தரம் இறங்கும். ஆகவே குலை ஏற்றிய லோரியோ பிக்கப்போ நடுத்தோட்டத்தில் கொதித்து நின்றால் நட்டம் எஞ்சினோடு முடிவதில்லை. பள்ளி வேனுக்கும் அப்படித்தான். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் பழைய வேன்கள் வீட்டுக்கு வீடு நின்று நின்று போகின்றன. எஞ்சின் சூடு தணிய அவற்றுக்கு நேரமே கிடைப்பதில்லை.

காற்றாடி என்றாலே எல்லா வண்டியிலும் ஒன்றல்ல. எஞ்சின் நெடுக்காக வைக்கப்பட்ட வண்டிகளில், அதாவது ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ட்ரைட்டன் போன்ற பிக்கப்புகள், லோரிகள், பழைய வேன்களில், காற்றாடியை பெல்ட் வழியாக எஞ்சினே சுற்றுகிறது. நடுவில் ஃபேன் கிளச் இருக்கும். காலால் மிதிக்கிற கிளச்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஏர்கோன் கம்ப்ரஸரில் ‘டக்’ என்று ஒட்டும் காந்தக் கிளச்சும் வேறு. முன்சக்கர இழுவை கொண்ட சிறு கார்களில் எஞ்சின் குறுக்காகப் படுத்திருப்பதால் அதன் பெல்ட் முகம் பக்கவாட்டில் போய்விடுகிறது. முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு எஞ்சினால் நேராகக் காற்றிழுக்க வழியில்லை. எனவே 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவும் 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் மின்காற்றாடியோடுதான் வந்தன.   ஃபேன் கிளச் பிரச்சினை என்று யாராவது பெரோடுவா மைவியைக் கொண்டுவந்தால், அந்தச் சாமானே அதில் இல்லை என்றுதான் முதலில் சொல்லவேண்டும்.

ஃபேன் கிளச் எதற்கு? காற்றாடியை எஞ்சினோடு நேரடியாகப் பிணைத்துவிட்டால் என்ன குறை? கணக்கு இதுதான்: காற்றாடி தள்ளும் காற்று அதன் வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடும், அது விழுங்கும் சக்தியோ வேகத்தின் முப்படியில் கூடும். 800 சுற்றில் ஐட்லிங் ஓடும் எஞ்சின் 4000 சுற்றுக்குப் போனால் வேகம் 5 மடங்கு, காற்றாடி தின்னும் சக்தி 125 மடங்கு. அதுவும் எதிர்க்காற்று தாராளமாக வந்து காற்றாடியே தேவைப்படாத நேரத்தில். அந்த வீண்செலவைத் தவிர்க்கத்தான் இடையில் ஒரு வழுக்கல் வைத்தார்கள்.

அந்த வழுக்கலைக் கொடுப்பது கெட்டியான சிலிக்கோன் எண்ணெய். கிளச்சுக்குள் வளையம் வளையமாகப் பள்ளம் வெட்டிய இரண்டு பாகங்கள் ஒன்றையொன்று தொடாமல் நெருங்கி நிற்கும். ஒன்று எஞ்சினோடும் மற்றது காற்றாடியோடும் சுற்றும். இடைவெளியில் எண்ணெய் இருந்தால் அதன் இழுவையில் காற்றாடி சேர்ந்து சுற்றும். எண்ணெய் தன் தொட்டிக்குத் திரும்பிவிட்டால் காற்றாடி சோம்பலாகத் தொடரும். எண்ணெயைத் திறந்துவிடும் வால்வை ஆட்டுவிப்பது கிளச்சின் முகத்தில் தெரியும் இரட்டை உலோகச் சுருள். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடாக வந்தால் சுருள் விரிந்து வால்வைத் திறக்கும். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும்: சுருள் உணர்வது தண்ணீரின் சூட்டை அல்ல, காற்றின் சூட்டை. ரேடியேட்டரின் நடுப்பகுதி சேறும் தூசியும் அடைத்துக் காற்றே வராமல் போனால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தாலும் கிளச்சுக்குச் செய்தி போய்ச் சேராது. நல்ல கிளச்சைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டும் கொதிப்பு நிற்காத வண்டிகளுக்கு இது ஒரு காரணம். சுருளின் மேலேயே செம்மண் அப்பி உலர்ந்திருந்தாலும் அது தாமதமாகத்தான் விழிக்கும்.

ஃபேன் கிளச் இரண்டு விதமாகக் கெடும், இரண்டும் எதிரெதிர். எண்ணெய் ஒழுகியோ வயதாகி நீர்த்தோ போனால் கிளச் எப்போதும் தளர்ந்தே இருக்கும். காற்றாடி சுற்றுவது போலத் தெரியும், காற்று வராது. மாறாக உள்ளே இறுகிப்போனால் காற்றாடி எந்நேரமும் எஞ்சினோடு சேர்ந்தே ஓடும். கொதிப்பு வராது, ஆனால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் லோரி போல இரையும், டீசல் செலவு ஏறும், இழுவை குறையும். இரண்டாவது கோளாறு எஞ்சினைக் கொல்வதில்லை என்பதால் பலர் அதோடு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். முதல் கோளாறின் தொடக்க அறிகுறியை மீட்டர் முள் காட்டாது, ஏர்கோன் காட்டும். ஓடும்போது ஜில்லென்று இருந்து, சமிக்ஞை விளக்கில் நின்றதும் வெதுவெதுப்பாக மாறினால் கண்டென்சருக்குக் காற்று போதவில்லை என்று பொருள். கேஸ் குறைந்துவிட்டது என்று ஏர்கோன் கடைக்குப் போய்க் காசு கொடுத்துவிட்டு வருகிறவர்களில் சிலருக்குத் தேவைப்பட்டது ஃபேன் கிளச்தான்.

காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்ததும் காற்றாடி ஒரு நிமிடம் பலமாக இரைந்து அடங்குவது நோயல்ல. இரவில் எண்ணெய் வடிந்து அந்த இரண்டு பாகங்களின் இடைவெளிக்குள் தங்கிவிடுகிறது. சுற்றத் தொடங்கியதும் அது தொட்டிக்குத் திரும்பும். இந்த இரைச்சலைக் கேட்டு நல்ல கிளச்சை மாற்றியவர்கள் உண்டு. உண்மையில் அந்த இரைச்சல் எண்ணெய் இருக்கிறது என்பதற்கான சாட்சி. அது ஒரு நாளும் கேட்பதில்லை என்றால்தான் யோசிக்கவேண்டும்.

சோதனைகளில் மிகப் பரவலானது கையால் சுற்றிப் பார்ப்பது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் காற்றாடியைத் தள்ளினால் லேசான இழுவையோடு சுற்றி நிற்கவேண்டும். மூன்று நான்கு சுற்று தடையில்லாமல் ஓடினால் எண்ணெய் போய்விட்டது. அசையவே இல்லையென்றால் இறுகிவிட்டது. இந்தச் சோதனையைப் பெரிதாக நம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு பாதிதான். குளிர்ந்த நிலையில் அது எண்ணெய் இருப்பதைச் சொல்லும், வால்வு திறக்குமா என்பதைச் சொல்லாது. கோளாறு சூட்டில்தானே வருகிறது? ரேடியேட்டருக்கு முன்னால் அட்டையை வைத்துக் காற்றைப் பாதி மறைத்து, ஏர்கோனைப் போட்டு, 2000 சுற்றில் எஞ்சினை ஓடவிட்டால் சில நிமிடங்களில் காற்றாடியின் இரைச்சல் தெளிவாகக் கூடவேண்டும். கூடிய பிறகு எஞ்சினை நிறுத்திக் கையால் தள்ளினால் குளிர்ந்த நிலையைவிடக் கெட்டியாக இருக்கவேண்டும். முள் ஏறிக்கொண்டே போக, இரைச்சல் மட்டும் மாறவில்லை என்றால் கிளச்சுக்குத் தீர்ப்பு எழுதிவிடலாம். முள் எல்லையைத் தொடும்வரை காத்திருக்கக் கூடாது. ஓடும் காற்றாடியைச் சுருட்டிய செய்தித்தாளால் நிறுத்திப் பார்க்கும் பழைய வித்தை இன்னும் சில இடங்களில் நடக்கிறது. இறக்கையில் வெடிப்பு இருந்தால் துண்டு எங்கே பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கைவிடவேண்டிய வித்தை அது.

கண்ணால் பார்த்தே தெரியும் சில உண்டு. கிளச்சின் நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கதிர் போல எண்ணெய்க் கறை ஓடி அதில் தூசி ஒட்டியிருந்தால் கசிவு. இறக்கை முனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 6 மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது. இருந்தால் பேரிங் தேய்ந்தது. பல வண்டிகளில் கிளச் வாட்டர் பம்பின் அச்சில்தான் உட்கார்ந்திருக்கும். ஆடும் கிளச்சை அப்படியே விட்டுப் பம்பை மட்டும் புதிதாக மாற்றினால் புதுப் பம்பின் பேரிங்கும் சீக்கிரமே போகும். “பம்பு சாமான் தரமில்ல” என்ற குற்றச்சாட்டில் ஒரு பங்கு இந்த வகை.

காற்றாடியைச் சுற்றி நிற்கும் பிளாஸ்டிக் கவரை ரேடியேட்டர் மாற்றும்போது கழற்றி, மறுபடி போடாமல் விடும் வழக்கம் பழைய வேன்களில் அதிகம். அந்தக் கவர் இல்லையென்றால் காற்றாடி ரேடியேட்டர் வழியாக இழுக்காமல், பக்கத்தில் கிடக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். புதுக் கிளச், புது ரேடியேட்டர், ஆனாலும் கொதிப்பு என்று வரும் வண்டியில் முதலில் இதைத் தேடவேண்டும்.

அடைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும், ஏனென்றால் அது இந்த மண்ணுக்கே உரியது. உட்தோட்டங்களில் செம்மண் புழுதி; செம்பனை ஆண்பூவின் மகரந்தத் தூள்; தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் நெல்லறுப்புக் காலத்தில் பறக்கும் உமியும் வைக்கோல் துணுக்கும்; இரவில் விளக்கைத் தேடி வரும் பூச்சிகள். இவை அதிகம் தங்குவது வெளியே தெரியும் முகத்தில் அல்ல, ஏர்கோன் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடைப்பட்ட சந்தில். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளபளவென்று இருக்கும். டார்ச் அடித்து மேலிருந்து சந்தைப் பார்த்தால்தான் கம்பளி போல அப்பியிருப்பது தெரியும். கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடிக்கவேண்டும். முன்னாலிருந்து ஜெட் பம்பால் அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போகும், மெல்லிய தகடுகளும் மடங்கும். இதைச் செய்யப் பெரிய செலவில்லை, அதனாலேயே பட்டறையில் யாரும் முதலில் சொல்வதுமில்லை.

மின்காற்றாடிக்கு வருவோம். இங்கே ஆராய்வது எளிது, ஏனெனில் மின்சாரம் வந்ததா வரவில்லையா என்ற ஒரே கேள்வியில் பாதி முடிந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டு ஏர்கோனைப் போட்டால் பெரும்பாலான கார்களில் காற்றாடிகள் சுற்றத் தொடங்கவேண்டும். ஏர்கோனுக்குச் சுற்றி, சூட்டுக்கு மட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டார் நல்லது. கோளாறு சூட்டை உணரும் பக்கத்தில். எதற்குமே சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, வயர், மோட்டார் என்று போகவேண்டும். ஹாரனுக்கும் காற்றாடிக்கும் ஒரே மாதிரி ரிலே இருக்கும் கார்களில் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்ப்பது போதும். பிளக்கைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொடுத்தும் மோட்டார் அசையவில்லை என்றால் அது செத்தது. ஸ்பேனரால் தட்டினால் சுற்றி, பிறகு நிற்கும் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். தட்டிச் சுற்றவைத்தது வீடு போய்ச் சேர மட்டுமே உதவும்.

சூட்டை உணர்வதில் தலைமுறை வேறுபாடு உண்டு. பழைய கார்களில் ரேடியேட்டரிலேயே ஒரு சுவிட்ச் இருக்கும். பெரும்பாலும் 85 முதல் 95 பாகை செல்சியசுக்குள் ஒட்டும். அதன் இரண்டு வயரையும் இணைத்ததும் காற்றாடி சுற்றினால் சுவிட்ச்தான் குற்றவாளி. புதிய கார்களில் எஞ்சின் கணினியே முடிவெடுக்கும். அங்கே தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சரின் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்ல சோதனை: பல கார்களில் கணினி பயந்துபோய்க் காற்றாடியை முழு வேகத்தில் ஓடவிடும். ஓடினால் மோட்டார், ரிலே, வயர் மூன்றும் சரி. சென்சர் காற்றுக்குமிழிக்குள் மாட்டிக்கொண்டாலோ, தண்ணீரே இல்லாமல் போனாலோ அது தவறான குறைந்த சூட்டைச் சொல்லும் என்பதையும் மறக்கக் கூடாது. முள் நடுவில் நிற்க, எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். புதிய சிறு கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது. ஒரு நீல விளக்கும் ஒரு சிவப்பு விளக்கும்தான். சிவப்பு எரியும்போது எச்சரிக்கை முடிந்து சேதம் தொடங்கியிருக்கலாம்.

கடலோரத்தில், கோலா சிலாங்கூர் பட்டணத்திலிருந்து ஜெராம் வரை, உப்புக்காற்று பிளக்குகளைப் பச்சை பூக்கவைக்கிறது. 120 வாட் காற்றாடி மோட்டார் 10 ஆம்பியர் இழுக்கும். பூத்த முனையில் அந்த மின்னோட்டம் சூடாக மாறி பிளக் உருகும். வோல்ட்மீட்டரை வைத்தால் பிளக்கைக் கழற்றியபோது 12 காட்டும், மாட்டிக் காற்றாடி ஓடும்போது 9 காட்டும். கழற்றி அளக்கிறவர்கள் இதைக் கண்டுபிடிக்கவே மாட்டார்கள். ஓடும்போது அளக்கவேண்டும்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் பொத்தோங் கடையில் வாங்கிய காற்றாடிகளில் இன்னொரு சிக்கல்: சுற்றும் திசை. வயர் மாறிப் பொருத்தினால் காற்றாடி காற்றை இழுக்காமல் முன்னுக்குத் தள்ளும். கண்ணுக்கு நன்றாகச் சுற்றுவதாகவே தெரியும். கண்டென்சருக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ளவேண்டும்; பறந்து விழுந்தால் திசை தவறு.

இப்போது இங்கத்திய இரண்டு நாட்டு வைத்தியங்கள். ஒன்று, காற்றாடியை ‘டைரெக்ட்’ போடுவது: சாவி திருப்பியதும் காற்றாடி சுற்றும், நிறுத்தும்வரை நிற்காது. இதைத் திட்டுகிறவர்கள் எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும் என்கிறார்கள். தெர்மோஸ்டாட் நல்லதாக இருந்தால் அப்படி ஆகாது. அது தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்துவிடும். உண்மையான தீங்கு வேறு. ரிலே இல்லாமல் சாவிச் சுவிட்ச் வழியே 10 ஆம்பியரை ஓடவிட்டால் சுவிட்ச் கருகும், வயர் தீப்பிடிக்கலாம். மோட்டாரின் ஆயுள் குறையும். மூலக் கோளாறு மூடப்படும். வழியில் மாட்டிக்கொண்டவர் வீடு போய்ச் சேர டைரெக்ட் சரி. அதையே இறுதித் தீர்வாக விற்பதுதான் தவறு.

மற்றது தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. “நம்ம நாடு சூடு, இது வெள்ளைக்காரன் குளிருக்குச் செஞ்சது” என்ற வாதம் தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. கேட்க நியாயமாக இருக்கும். தெர்மோஸ்டாட் பார்ப்பது வெளிச்சூட்டை அல்ல, எஞ்சினின் உட்சூட்டை. அது 82 பாகையில் திறப்பது கோலா சிலாங்கூரிலும் லண்டனிலும் ஒன்றுதான். கழற்றினால் நெடுஞ்சாலையில் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராது. கணினி இன்னும் குளிர் எஞ்சின் என்றெண்ணிக் கூடுதல் பெட்ரோலை ஊற்றும். எண்ணெயில் ஈரம் தங்கிச் சேறாகும். இதைவிட மோசமானது இன்னொன்று. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பின்பக்கத் தட்டால் பைபாஸ் பாதையை மூடும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றும். கொதிப்பை நிறுத்தக் கழற்றியதே கொதிப்புக்குக் காரணமாகிவிடும். கழற்றக் கூடாது என்று சொல்கிறவர்களிலும் சிலர் தவறான காரணம் சொல்கிறார்கள்: தண்ணீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் குளிர நேரம் கிடைக்காதாம். அது இயற்பியலுக்குப் பொருந்தாது. ஓட்டம் கூடினால் வெப்பம் கடத்துவதும் கூடவே செய்யும்.

தண்ணீரா கூலண்டா என்ற சண்டையில் இரு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வெப்பத்தைச் சுமப்பதில் கூலண்டின் கிளைக்கால் கலவையைவிடத் தண்ணீரே மேல். 0.9 பார் ரேடியேட்டர் மூடி ஒழுங்காக இருந்தால் வெறும் தண்ணீரும் 118 பாகை வரை கொதிக்காது. உறைபனி நமக்கு எட்டாத சங்கதி. ஆனால் கூலண்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பான் தண்ணீரில் இல்லை. அலுமினியத் தலையும் ரேடியேட்டரும் அதற்காகவே கூலண்டைக் கேட்கின்றன. வட சிலாங்கூரில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. ராஜா மூசா, சுங்கை காராங் வனங்களைச் சேர்ந்த 70,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட கரிச்சதுப்பு நிலம் இங்கே பரந்து கிடக்கிறது. அதன் ஓரத்து வாய்க்கால்களில் ஓடும் தேநீர் நிறத் தண்ணீர் அமிலத் தன்மை கொண்டது. கொதித்து நின்ற வண்டிக்கு பக்கத்து வாய்க்காலில் மொண்டு ஊற்றியவர், அன்றிரவே அதை வடித்துவிடாவிட்டால், சில மாதத்தில் ரேடியேட்டர் கடைக்குப் போவார். மழைத்தண்ணீர் அதைவிடப் பலமடங்கு மேல்.

காற்றாடி சரி, அடைப்பில்லை, கவர் இருக்கிறது, ஆனாலும் கொதிப்பு என்றால் மறுபக்கம் போகவேண்டும். அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டரை நெடுகக் காட்டிப் பார்த்தால் உள்ளடைப்பு இருக்கும் இடம் குளிர்ந்த திட்டாகத் தெரியும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது, ஒழுகும் இடம் தெரியவில்லை, ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரில் குமிழி வருகிறது என்றால் ஹெட் கேஸ்கெட். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயை வைத்து, எரிந்த வாயு கலந்தால் அது மஞ்சளாக மாறுவதைப் பார்க்கும் சோதனை மலிவானது. தலையைக் கழற்றுவதற்கு முன் அதைக் கேட்டுச் செய்யச் சொல்லலாம். கெட்ட காற்றாடியோடு ஓட்டிக்கொண்டே இருந்தவர்களும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். எது முதலில் வந்தது என்று தெரியாத அந்த நிலையில் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி அனுப்பினால் அடுத்த நெரிசலில் மறுபடியும் போகும்.

நெரிசல் என்றால் நம்மவர்களுக்குத் தைப்பூசம். தோட்டத்திலிருந்து குடும்பமும் நேர்த்திக்கடன் சாமான்களுமாக ஏற்றிக்கொண்டு பத்துமலை நோக்கி ஊரும் வேனுக்கு அதைவிடக் கடுமையான காற்றாடிச் சோதனை கிடையாது: முழுச் சுமை, ஏர்கோன், மணிக்கணக்கில் ஐட்லிங். முள் ஏறத் தொடங்கினால் முதலில் ஏர்கோனை அணைக்கவேண்டும். பெல்ட் காற்றாடி வண்டியில் கியரை நியூட்ரலில் போட்டு 1500 சுற்றுக்கு ஏற்றினால் காற்றாடியும் பம்பும் வேகமாகும், முள் இறங்கக்கூடும். மின்காற்றாடி வண்டியில் அப்படி ஏற்றுவதால் காற்று கூடாது. அங்கே ஓரமாக நிறுத்துவதே வழி. ஹீட்டரைத் திறந்துவிடச் சொல்லும் மேலைநாட்டு அறிவுரை இங்கே பெரிதும் பயன்படாது. மலேசியாவில் விற்கும் சிறு கார்கள் பலவற்றில் ஹீட்டரே இல்லை. மூடியைத் திறப்பதைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் ஆண்டுதோறும் யாராவது முகத்தைச் சுட்டுக்கொள்கிறார்கள். எஞ்சினை நிறுத்திய பின்னும் மின்காற்றாடி தானாகச் சுற்றக்கூடும் என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது. விரலை வைக்கக் கூடாது.

ஃபேன் கிளச் செத்தது உறுதியானால் என்ன செய்வது? ஆணி அடித்தோ வெல்டிங் வைத்தோ பூட்டிவிடுவது மிக மலிவு. 125 மடங்குக் கணக்கை நினைத்தால் அதன் விலை டீசலில் வரும், உயர் சுற்றில் இறக்கை உடையும் ஆபத்தும் சேரும். பழைய லேண்ட் குரூஸர் பிரியர்கள் கிளச்சைப் பிரித்து 10,000 சென்டிஸ்டோக்ஸ் கெட்டிமை கொண்ட புது சிலிக்கோன் எண்ணெய் ஊற்றுகிறார்கள். பிரிக்கக்கூடிய வகைக்கு, பேரிங் நன்றாக இருந்தால், அது நல்ல வைத்தியம். பிரிக்க முடியாத வகையே அதிகம். பொத்தோங் கடையில் பழசு வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. இந்தக் கிளச்சை நிமிர்த்தியே வைக்கவேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் விதி. கடையில் அது மாதக்கணக்கில் மல்லாந்து குவியலில் கிடக்கும், எண்ணெய் பேரிங் வழியே கசிந்துபோயிருக்கும். கழற்றி மின்காற்றாடி போடுவதும் நடக்கிறது. காரில் அது சரிவரலாம். குலை ஏற்றி மேட்டில் ஏறும் டீசல் பிக்கப்புக்கு, முழுதாகப் பிடித்த பெல்ட் காற்றாடி இழுக்கும் காற்றைச் சந்தையில் கிடைக்கும் சாதாரண மின்காற்றாடி ஒன்று இழுப்பது கடினம். வெள்ளத்தில் போகும் வண்டிக்கும் இதை யோசிக்கவேண்டும்: 2021 டிசம்பரில் சிலாங்கூரைத் தாக்கியது போன்ற வெள்ளத்தில் மூழ்கிய மின்மோட்டார் காய்ந்த பிறகு சில வாரம் ஓடிவிட்டு, பேரிங் துருவேறி நின்றுபோகும். வெள்ளக் கார் வாங்குகிறவர் காற்றாடியைக் கையால் சுற்றிப் பார்த்துச் சொரசொரப்பைக் கேட்கவேண்டும்.

சில புதிய பிக்கப்புகளில் இரட்டை உலோகச் சுருளே இல்லை. கிளச்சின் நடுவிலிருந்து ஒரு வயர் வெளிவரும். வால்வை எப்போது திறப்பது என்பதைக் கணினி சொல்லும், காற்றாடி எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதும் கணினிக்குத் திரும்பி வரும். அட்டை மறைத்துக் காது கொடுத்துக் கேட்கும் முறை அங்கே பாதிதான் செல்லும். வயர் அறுந்தால் சில வகை முழுதாகப் பிடித்துக்கொள்ளும், சில வகை முழுதாக விட்டுவிடும். அந்தந்த வண்டியின் பட்டறைக் கையேட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது. கேட்ட வேகத்தையும் கிடைத்த வேகத்தையும் ஸ்கேனரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்: கேட்டது 2000, கிடைத்தது 700 என்றால் கிளச் அல்லது வயர்; இரண்டும் ஒன்றாக இருந்தும் முள் ஏறினால் டார்ச்சை எடுத்துக்கொண்டு கண்டென்சர் சந்துக்குப் போகவேண்டும்.